இரண்டு பட்டயங்கள்

போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி மேற்கே இறங்கும் தமிழருக்கு மொழி அவ்வளவாக மாறுவதில்லை. இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காட்டில் தமிழ் கேட்காத கடைத்தெரு கிடையாது. ஆனால் சில சொற்களின் பொருள் மாறிவிடுகிறது. அவற்றில் ஒன்று 'பட்டயம்'. கிழக்கே பட்டயம் என்றால் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தவர் வாங்கும் சான்றிதழ், இல்லையென்றால் செப்பேடு. மேற்கே பட்டயம் என்றால் நிலம். நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாராவது 'பட்டயம் வந்துவிட்டதா?' என்று கேட்டால், தமிழ்நாட்டில் பட்டா என்று சொல்கிறோமே, அதைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் பதில், வரவில்லை என்பதுதான்.

வடக்கே, பாலக்காட்டுப் பக்கம், இதே சொல் வேறொரு பொருளில் சில வீடுகளின் சுவரில் தொங்குகிறது. சுதந்திரத்தின் வெள்ளி விழாவையொட்டி 1972-ல் மத்திய அரசு தியாகிகளுக்குக் கொடுத்த தாமிரப் பட்டயம் அது. சட்டம் போட்டு மாட்டியவரின் பேரப்பிள்ளைகள் பலருக்கு அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது சரியாகத் தெரியாது. ஆனால் கழற்றி வைக்க மனம் வருவதில்லை.

செம்பில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. தொடர்பே இல்லாத இந்த இரண்டு பட்டயங்களுக்கும் வேர் ஒன்று இருக்கிறது: இரண்டாம் உலகப் போர். அந்தப் போரில் சீருடை அணிந்தவர்களின் கணக்கு ஓரளவுக்கு முறையாக எழுதப்பட்டுவிட்டது. பதக்கம், பென்ஷன், முன்னாள் ராணுவத்தினருக்கான நிலம் என்று அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அன்று மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. பாலக்காடும் வயநாடும் அந்த மாவட்டத்தின் பகுதிகள். போர் முடிந்ததும் சென்னை அரசு வயநாட்டின் அம்பலவயல் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. அவர்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்க 1946-ல் தொடங்கிய பண்ணைதான் இன்றைய அம்பலவயல் வேளாண் ஆராய்ச்சி நிலையம். சீருடை போடாமல் போருக்கு உழைத்தவர்களின் கணக்குதான் இழுபறியாக நின்றது. அந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா போனதோடு பர்மா அரிசியும் போயிற்று. அதனால் அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்னையும் மிளகும் ரப்பரும் தேயிலையும் விளைவித்து விற்று, சாப்பாட்டுக்கு அரிசியைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்த நாடு அது. தேவையில் பெரும் பங்கு கடல் தாண்டித்தான் வந்தது. கப்பல் நின்றதும் கடற்கரைத் தாலுகாக்களில் பட்டினி தொடங்கியது. சேர்த்தலைப் பக்கம் பசியும் காலராவும் சேர்ந்து வந்து கொண்டுபோன உயிர்களைப் பற்றி வயதானவர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் வந்தது. சோற்றின் இடத்தில் மரவள்ளிக்கிழங்கு வந்து உட்கார்ந்தது. கேரளத்துச் சாப்பாட்டில் அது இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

நாடு முழுவதும் 'அதிக உணவு பயிரிடுங்கள்' என்ற இயக்கம் அப்போது நடந்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் நிர்வாகத்தில் திருவிதாங்கூர் அதைத் தன் வழியில் நடத்தியது. சமவெளியில் தரிசு மிச்சமில்லை. மலையில் காடு இருந்தது. கிழக்கே, மதுரை ஜில்லாவின் எல்லையோரம், ஏல மலைகள் இருந்தன. ஏலக்காயைத் தவிர வேறு எதையும் நடக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது என்று அதுவரை காத்த காடுகளின் ஓரங்களையும், மலைகளுக்கிடையே கிடந்த சதுப்புகளையும் நெல்லுக்கும் கிழங்குக்குமாக அரசே திறந்துவிட்டது. அந்த ஏற்பாட்டின் பெயர் குத்தகைப் பாட்டம். நிலம் உனக்கில்லை, உணவு மட்டும் விளைவித்துக்கொள், பாட்டம் கட்டு, கேட்கும்போது விட்டுப் போ என்பதுதான் அதன் சாரம்.

மீனச்சில், சங்கனாசேரி, தொடுபுழைப் பக்கத்து ஏழை விவசாயிகள் கோடாலியும் சட்டியுமாக மலை ஏறினார்கள். யானையும் மலேரியாவும் காத்திருந்த மலை அது. மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிக்கொண்டு, இரவில் தீ மூட்டித் தகரம் தட்டி, பகலில் காடு வெட்டினார்கள். கீழே கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஏற்கனவே வந்திருந்த தமிழர்களும் அதே சதுப்புகளில் இறங்கி நாற்று நட்டார்கள். காய்ச்சலில் செத்தவர்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. போர்முனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. ஆனால் அங்கே போன சிப்பாய்க்கும் இங்கே பசித்த ஊருக்கும் வேண்டியிருந்த அரிசியின் ஒரு சின்னப் பங்கு இந்தச் சதுப்புகளில் விளைந்தது. அன்றைய அரசின் அறிவிப்புகளில் அது தேசத் தொண்டு.

அவர்களும் தேசத் தொண்டு செய்யத்தான் மலை ஏறினார்கள் என்று சொன்னால் அது மிகை. பசிக்காகப் போனார்கள், நிலத்துக்காகப் போனார்கள். ஆனால் அரசு அழைத்தது, அவர்கள் போனார்கள் என்பது உண்மை. போர்க்காலத்தில் சாதாரண மனிதர் செய்யும் சேவை எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. தேவையும் துணிச்சலும் கலந்த அந்தச் செயலுக்குப் பெயர் சூட்டுவது அரசு. பிறகு பெயரை மாற்றுவதும் அரசு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசு திறந்துவிட்ட அந்த மலை ஆளில்லாத மலை அல்ல. மன்னான்களும் முதுவான்களும் ஊராளிகளும் தலைமுறை தலைமுறையாக இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்த மலை. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் மன்னான்களின் ராஜா இன்றும் இருக்கிறார். நாட்டில் பழங்குடி அரச மரபு மிஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. போர்க்கால உணவுக்காகக் கொடுக்கப்பட்ட நிலத்தில் எவ்வளவு அவர்களுடைய காடு என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வெகுமதி எதுவும் பேசப்படவும் இல்லை.

போர் முடிந்தது, அரிசித் தட்டுப்பாடு முடியவில்லை. அதனால் அரசும் நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மாறாக, 1950களில் மேலும் காடு திறக்கப்பட்டது. இப்போது உணவோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் யாருக்கு என்ற சச்சரவு உச்சத்தில் இருந்த காலம். 1954 மார்ச் முதல் 1955 பிப்ரவரி வரை திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்த பட்டம் தாணுபிள்ளை, மலைப்பிரதேசக் குடியேற்றத் திட்டத்தைக் கொண்டுவந்தார். குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர். மறையூர், காந்தளூர், கல்லாறு என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே குடியிருப்புகள் அமைந்தன. கல்லாறுக் குடியிருப்புக்குப் 'பட்டம் காலனி' என்று முதல்வரின் பெயரே வைக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கை மாற்றுவதற்காகவே இந்தத் திட்டம் என்று தமிழ்நாட்டில் அன்று எழுந்த குற்றச்சாட்டு இன்னும் அடங்கவில்லை. 1955 செப்டம்பரில் வந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை இரு தாலுகாக்களையும் கேரளத்துக்கே விட்டது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் கசப்பு இருப்பது இயல்பு. ஆனால் ஐந்து ஏக்கரை நம்பி மலை ஏறிய மலையாளியின் கதை அடுத்த ஆறு வருடங்களில் எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரியாற்றின் குறுக்கே இடுக்கியில் அணை கட்டத் திட்டம் வந்தது. நீர்த்தேக்கத்துக்கான நிலப்பகுதியில் அய்யப்பன்கோவில் இருந்தது. உணவு உற்பத்திக்கென்று அரசே குடியேற ஊக்கம் கொடுத்த பகுதிகளில் அதுவும் ஒன்று. 1961 மே மாதம் போலீஸ் வந்தது. குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, குமுளிக்கு அருகே அமராவதி என்ற இடத்தில் கொட்டும் மழையில் இறக்கிவிடப்பட்டன. பெயர்தான் தேவலோகத்துப் பெயர். கூரையில்லை, மருந்தில்லை. அழைக்கும்போது 'உணவு உற்பத்தியாளர்' என்றிருந்த பெயர் விரட்டும்போது 'ஆக்கிரமிப்பாளர்' என்று மாறியிருந்தது. அப்போது கேரளத்தின் முதல்வர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும்: அதே பட்டம் தாணுபிள்ளை. ஒரு மலையில் தன் பெயரில் காலனி கண்டவரின் ஆட்சியில்தான் இன்னொரு மலையில் குடிசைகள் எரிந்தன.

ஜூன் மாதம் ஏ.கே. கோபாலன் அமராவதிக்கே வந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அதுவரை கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்துவந்த பாதிரியார் வடக்கன் அந்தப் போராட்டத்தில் அவரோடு சேர்ந்து நின்றது கேரள அரசியலின் அபூர்வக் காட்சிகளில் ஒன்று. அரசு இறங்கிவந்தது. குடியிறக்கம் பின்னும் பல இடங்களில் தொடர்ந்தது. ஆனால் மாற்றிடம் தராமல் குடியிறக்கக் கூடாது என்ற கோரிக்கைக்கு அமராவதியில்தான் பலம் வந்தது. அணை 1976-ல் திறக்கப்பட்டது. 780 மெகாவாட் மின்சாரம். அய்யப்பன்கோவிலின் பழைய வயல்கள் தண்ணீருக்கடியில் போயின.

ஏ.கே.ஜி.யிடமிருந்து பாலக்காட்டுக்குப் போவது சுலபம். 1971 தேர்தலில் அவர் பாலக்காட்டிலிருந்துதான் மக்களவைக்குப் போனார். அதே மக்களவையின் காலத்தில், 1972 ஆகஸ்ட் 15 அன்று, மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். தேடப்பட்டுத் தலைமறைவாக இருந்தவர், சொத்து பறிபோனவர், வேலை இழந்தவர், தடியடியிலோ துப்பாக்கிச்சூட்டிலோ உடல் ஊனமுற்றவர் ஆகியோருக்கும் இடம் இருந்தது. 1980 ஆகஸ்ட் முதல் வருமான வரம்பு எடுக்கப்பட்டு, தொகை 300 ஆகி, திட்டத்துக்குச் 'சுதந்திரப் போராட்ட வீரர் கௌரவ ஓய்வூதியம்' என்ற பொருளில் புதிய இந்திப் பெயரும் வந்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் சிறைவாசம் மூன்று மாதம் போதும் என்றானது.

இந்தத் திட்டத்தில் போர்க்காலச் சேவையும் உண்டு. ஆனால் இடுக்கியில் நடந்ததற்கு நேர் எதிர்த்திசையில். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் பிரிட்டனின் போரை எதிர்த்தவர்கள். அதற்காகவே சுதந்திர இந்தியா அவர்களைக் கௌரவித்தது. ஒரே போர்; ஒரு மலையில் அதற்கு உணவு விளைவித்தது தேசத் தொண்டு, சமவெளியில் அதை எதிர்த்து அடிபட்டது தேசத் தொண்டு. இரண்டில் எது உண்மையான தேசத் தொண்டு என்ற வாதத்துக்கு இன்று அதிகப் பொருள் இல்லை. இரு தரப்பிலும் சாதாரண மனிதர் ஒரே ஜன்னலில்தான் போய் மாட்டிக்கொண்டார்: 'அத்தாட்சி எங்கே?'

இந்திய தேசிய ராணுவத்தில் முதலில் சேர்ந்தவர்கள் சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள். 1943-ல் நேதாஜி வந்த பிறகு சேர்ந்தவர்களில் பல ஆயிரம் பேர் மலேயாவின் சாதாரணக் குடிமக்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள், கடைச் சிப்பந்திகள், மலையாளிக் கிராணிகள். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். அந்தப் படையை நடத்திய டாக்டர் லட்சுமியின் தாய் அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டு ஆனக்கரை வடக்கத்து வீட்டவர். லட்சுமி சகலுக்கு 1998-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அவருக்குக் கீழே அதிகாரியாக இருந்த மலேசியாவின் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் போர் முடிந்ததும் பால் மரக் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தியாவில் இப்படி ஒரு ஓய்வூதியம் இருக்கிறது என்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊர் திரும்பியவர்களின் பாடு வேறு. பர்மாவில் பிடிபட்டு இந்தியாவின் முகாம்களில் அடைபட்டு, பிறகு விடுதலையானவர், முகாமில் ஆறு மாதம் இருந்ததற்கு ரசீது வாங்கி வைத்திருப்பாரா? ராணுவம் பின்வாங்கும்போது சொந்தக் காகிதங்களில் பலவற்றை எரித்துவிட்டது. பிரிட்டிஷார் எழுதிய காகிதங்கள் டெல்லியில், அரசின் அலமாரியிலேயே இருந்தன. அரசு தன்னிடம் இருக்கும் ஆவணத்தை முதியவரிடம் கேட்டது. முதியவர் அதை அரசிடம் கேட்டார். உடன் சிறையில் இருந்தவர் தரும் சான்றையும் ஏற்கலாம் என்று விதி இடம் கொடுத்தது. வருடங்கள் போகப் போக உடன் இருந்தவர்கள் உயிரோடு இல்லை.

பாலக்காட்டுக்காரருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். 1942-ல் அவர் சென்னை மாகாணத்துக் குடிமகன். பிடித்துக்கொண்டு போனால் வேலூர், அல்லது பெல்லாரிக்கு அருகே அலிபுரம் சிறை. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது ஆள் கேரளத்தில், சிறைப் பதிவேடு வேலூரிலோ மைசூர் மாநிலத்துக்குப் போன பெல்லாரியிலோ. தமிழ்நாட்டின் தியாகிகள் ஓய்வூதியம் 1966 அக்டோபரில் தொடங்கியது. கேரளத்தின் ஓய்வூதிய விதிகள் 1971-ம் வருடத்தவை. ஒரே சிறையில் ஒரே களி சாப்பிட்ட இருவரில், வாளையாற்றுக்குக் கிழக்கே குடியிருந்தவர் ஒரு விதியின் கீழும் மேற்கே இருந்தவர் இன்னொரு விதியின் கீழும் வந்தார். எல்லைக்கோடு நிலத்தை மட்டுமா பிரிக்கிறது?

விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1993-ல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில் நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: இந்த ஓய்வூதியம் மரியாதை செய்வதற்காக, தாமதமாக விண்ணப்பித்தார் என்று சொல்லி அதை மறுக்கக் கூடாது. 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததை நிரூபிக்கக் குற்ற வழக்கில் கேட்பது போல ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் கேட்கக் கூடாது. நடந்திருக்கும் என்று நம்ப நியாயம் இருந்தால் போதும் என்றார்கள்.

அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நிஜாமை எதிர்த்துப் போராடியதாகச் சொல்லிப் பென்ஷன் வாங்கியவர்களில் பலர் போலிகள் என்ற புகார் எழுந்து, நீதிபதி பால்கர் கமிஷன் விசாரித்து, 2005-ல் உச்சநீதிமன்றம் வரை போனது. போராட்டம் நடந்த காலத்தில் கைக்குழந்தையாக இருந்திருக்கக் கூடியவர்கள்கூடத் தியாகிகள் பட்டியலில் இருந்ததாகக் குற்றச்சாட்டு. போலி ஒருவர் உள்ளே வந்தால், அசலானவர்கள் பத்துப் பேரிடம் கேள்விகள் இரட்டிப்பாகின்றன. கெட்டிக்காரப் போலியிடம் காகிதம் எப்போதும் கச்சிதமாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. தியாகியிடம்தான் இருக்காது.

சுதந்திரத்துக்குப் பிந்திய போர்களில் அரசு கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. 1965 ஆகஸ்டில் குல்மார்க் பக்கத்தில் ஊடுருவல்காரர்களைக் கண்டு போலீசுக்குச் சொன்ன ஆடு மேய்க்கும் இளைஞர் முகமது தீனுக்கு பத்மஸ்ரீ கொடுத்தது. அதே சேவைக்காக 1990-ல் அவரைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். பதக்கம் காவலுக்கு நிற்கவில்லை. 1971 டிசம்பரில் புஜ் விமானதளத்தின் ஓடுபாதையைப் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்தபோது, பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் 300 பேர் மூன்றே நாளில் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிய வேண்டும். புதரின் நிறத்தில் வெளிர்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அரசு 50,000 ரூபாய் கொடுத்தது. பெண்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டக் கொடுத்துவிட்டார்கள். நினைவுச் சின்னம் வந்தது 2015-ல். 1999-ல் கார்கில் ஊடுருவலை முதலில் கண்டு சொன்ன லடாக்கின் தாஷி நம்கியால், காணாமல் போன தன் யாக் எருதைத் தேடிப் போனவர். சான்றிதழ்கள் வந்தன. வாழ வழி செய்யும் உதவி வரவில்லை என்று கடைசி வரை குறைபட்டுக்கொண்டே 2024 டிசம்பரில் இறந்தார். 2025 மே மாதத்துச் சிந்தூர் நடவடிக்கையின்போது பெரோஸ்பூர் எல்லைக் கிராமத்தில் சிப்பாய்களுக்குத் தண்ணீரும் லஸ்ஸியும் கொண்டுபோய்க் கொடுத்த பத்து வயதுப் பையனின் படிப்புச் செலவை ராணுவமே ஏற்றுக்கொண்டது. இந்தப் பட்டியலில் உருப்படியான வெகுமதி அதுவாகத்தான் இருக்கும். யாரும் யாரிடமும் காகிதம் கேட்கவில்லை, பார்த்தவர்களே கொடுத்தார்கள்.

உணவு விளைவித்தவர்களை மறப்பது இந்தியாவின் தனிக் குணம் அல்ல. பிரிட்டனில் ஆண்கள் போருக்குப் போனதும் வயல்களைப் பார்த்துக்கொள்ள மகளிர் நிலப்படை அமைந்தது. 1943-ல் அதில் 80,000 பெண்களுக்கு மேல் இருந்தார்கள். போர் முடியும் தறுவாயில், படையினருக்குத் தரும் சலுகைகள் இவர்களுக்கு இல்லை என்று அரசு கை விரித்தது. அதைக் கண்டித்து நிலப்படையின் தலைவி லேடி டென்மன் 1945-ல் பதவியை விட்டு விலகினார். உயிரோடு மிஞ்சிய பெண்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008-ல். இருபது வயதில் உழுதவருக்கு எண்பத்தைந்து வயதில் பேட்ஜ். தாமதம்தான். ஆனால் அவர்கள் உழுத வயலை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

இடுக்கியில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1964-ன் கேரள நில ஒப்படைப்பு விதிகள் வந்தன. பிறகு, 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியவர்களை ஒழுங்குபடுத்தலாம் என்ற முடிவு வந்தது. 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டத்தால் அதற்கும் டெல்லியின் அனுமதி தேவைப்பட்டது. கடைசியில் 28,588 ஹெக்டேருக்கு மத்திய அரசு ஒப்புதல் தர, 1993-ல் தனி விதிகள் எழுதப்பட்டன. 1943-ல் அரசு அழைத்து வந்தவரும் 1976-ல் இரவோடிரவாகக் காட்டை வெட்டியவரும் அந்த விதிகளின் கண்ணில் ஒன்றுதான்: 1977-க்கு முன் ஆக்கிரமித்தவர்கள். முதலாமவருக்கு இது வெகுமதியா, மன்னிப்பா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பட்டயம் கிடைத்தவருக்கும் நிம்மதி முழுசாக வரவில்லை. நிலத்தைக் கொடுத்தது விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டும். ஆனால் எழுபது வருடத்தில் மலையில் ஊர்கள் முளைத்துவிட்டன. பட்டய நிலத்தில் கட்டிய மருந்துக்கடை, தையல்கடை, பள்ளிக்கூடம் எல்லாமே விதிமீறல். இதைச் சரிசெய்ய 2023 செப்டம்பரில் கேரள சட்டசபை ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் கையெழுத்து 2024 ஏப்ரலில்தான் விழுந்தது. பெரிய ரிசார்ட் முதலாளிகளும் இதே கதவு வழியாக நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. மூணாறின் சரிவுகளைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

ஏல மலைகளின் கதை இன்னும் சிடுக்கு. 1897-ம் வருடத்து ஒரு திருவிதாங்கூர் அறிவிக்கையில் காப்புக்காடு என்று சொல்லப்பட்ட பரப்பு 15,720 ஏக்கரா, இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஏக்கரா என்று நூற்றிருபத்தைந்து வருடம் கழித்து வழக்கு நடக்கிறது. சிறிய எண் சரியென்றால் இது வருவாய் நிலம். பெரிய எண் சரியென்றால் உடும்பன்சோலைத் தாலுகாவில் பெரும்பகுதி காடு. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஏல மலைக் காப்புப் பகுதியில் புதிய பட்டயம் கொடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரியாறும் வைகையும் குடிக்கும் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது; தேனி மாவட்டத்துக்காரருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காட்டை வெட்டச் சொன்னதும் ஓர் அரசுதான். அதன் விலையை யார் கட்டுவது என்பதில்தான் நியாயம் தடுமாறுகிறது.

இடுக்கியில் அவ்வப்போது பட்டய மேளா நடக்கும். பந்தல், மைக், மந்திரிகள், பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்திரங்கள். வாங்க வருகிறவர்களில் பலர் குடியேறியவரின் மகன்கூட இல்லை, பேரன். கையில் ஒரு பழைய பை. அதற்குள் பாட்டம் கட்டிய ரசீது இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், தேவாலயத்துப் பதிவேட்டின் நகல், கோயில் வரி ரசீது என்று தாத்தா அங்கே இருந்ததைச் சொல்லும் எதுவும். தமிழ்க் குடும்பமாக இருந்தால் பை இன்னும் மெலிந்திருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு முகவரி என்பது முதலாளியின் பெயர்தான். பெயர் கூப்பிடப்படாதவர்கள் பந்தல் காலியான பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா மேஜையைக் கட்டும்போது அவரிடம் போய், கூட என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்கள். 1977-க்கு முன் இங்கே இருந்ததற்கு அரசாங்கக் காகிதம் ஏதாவது, என்கிறார் அவர்.